டிக்கியை அளந்துவிட்டு வண்டி பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்: பழைய கார் வாங்குவோருக்கு

2007 மாடல் இண்டிகோ மெரினா டீசல் வைத்திருக்கிறேன். 15 வருடம் முடிந்ததும் எஃப்சி காட்டி 2027 வரை ஆர்சி புதுப்பித்தாயிற்று. இனி அதற்குச் செலவு செய்ய மனமில்லை. வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு மடக்கும் சக்கர நாற்காலி உண்டு. மாதம் 600 கி.மீ. ஓடும். வருடத்தில் இரண்டு முறை சென்னை, ஒருமுறை பானை சட்டியோடு குலதெய்வம் கோயில். பட்ஜெட் 6 லட்சம். செகண்ட் ஹேண்டில் மாருதி எர்டிகா, மாருதி சியாஸ், ஹோண்டா பிஆர்-வி மூன்றில் எது?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் மெரினா, கூரை பின்னால் வரை நீண்டு டிக்கியையும் மூடும் ‘எஸ்டேட்’ வகைக் கார். எஸ்டேட் என்றால் நம் ஊரில் வால்பாறைதான் நினைவுக்கு வரும், கார் வராது. 1992-இல் வந்த டாடா எஸ்டேட், பிறகு பலேனோ அல்டூரா, கோர்சா ஸ்விங், உங்கள் மெரினா என்று வந்தவை எல்லாமே கொஞ்ச காலம் ஓடிவிட்டு நின்றுபோயின. அதனால் மெரினாவுக்குப் பதில் இன்னொரு எஸ்டேட் தேடினால் கிடைக்காது. அது உங்களுக்குச் செய்த வேலையை எந்த வண்டி செய்யும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்த வேலை எது? தரை தட்டையாக, விளிம்பு தாழ்வாக, கூரை வரை திறக்கும் டிக்கி. சக்கர நாற்காலியைத் தூக்கிப் போடாமல் சாய்த்துத் தள்ள முடிவது அதனால்தான். சியாஸ் இங்கேயே கழிந்துவிடுகிறது. டிக்கி 510 லிட்டர் என்பது உண்மைதான். ஆனால் செடானின் வாய் குறுகல், பின்சீட்டும் மடங்காது. பெட்டிகளுக்கு அருமையான இடம், 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாற்காலிக்கு இல்லை. போதாக்குறைக்கு சீட் தாழ்வு. முழங்கால் வலியுள்ளவர் உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் அதில் பெரிய பாடு.

லிட்டர் கணக்கை ஓரளவுக்குத்தான் நம்பலாம். 20 செ.மீ. × 10 செ.மீ. × 5 செ.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவது ஒரு முறை. அதை ஜன்னல் விளிம்பு வரை அடுக்கினார்களா, கூரை வரை அடுக்கினார்களா என்பதில் எண் எங்கேயோ போய்விடும். நீங்கள் டேப் எடுத்துக்கொண்டு போய் மூன்றே அளவு எடுங்கள்: டிக்கித் தரையின் ஆழம், வாசலின் உயரம், சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம். முதலில் வீட்டில் நாற்காலியை மடக்கி அதன் மூன்று அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கால் பலகை கழலும் வகையா என்பதையும் பாருங்கள். கழன்றால் நீளம் கணிசமாகக் குறையும்.

நீங்கள் ஐந்து பேர். ஆகவே ஏழு சீட் வண்டியை வாங்கி, கடைசி வரிசையை மடக்கியே வைத்து, ஐந்து சீட் வண்டியாக ஓட்டுங்கள். கிட்டத்தட்ட எஸ்டேட் கிடைத்துவிடும். ஏழு பேரையும் ஏற்றிவிட்டு சாமான் வைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். முதல் தலைமுறை எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 135 லிட்டர்தான்; இரண்டு மஞ்சள் பையும் ஒரு தண்ணீர் கேனும் போகும். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில் 209 லிட்டர், கடைசி வரிசையை மடக்கினால் 550. பிஆர்-வியில் 223, மடக்கினால் 691.

உங்கள் 6 லட்சத்தில் இரண்டாம் தலைமுறை எர்டிகாவை நல்ல நிலையில் பிடிப்பது கடினம். முதல் தலைமுறையிலேயே 2015 அக்டோபரில் முகம் மாறி வந்தபின் உள்ள பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள். அதற்கு முந்தையவற்றில் கடைசி வரிசை ஒரே பலகையாக மடியும். பிறகு வந்த உயர் ரகங்களில் பாதிப் பாதியாக மடியும். குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது ஒரு பாதியில் நாற்காலி, மறு பாதியில் கூட வரும் ஒரு ஆள் என்று வைக்க இந்தப் பிரிவு வேண்டும். விளம்பரத்தைப் படித்து நம்பாமல் நேரில் மடக்கிப் பாருங்கள்.

இன்ஜின் 1.4 லிட்டர், 92 குதிரைத்திறன். ஐந்து பேரோடு தஞ்சாவூர் – சென்னை ஓட்டத்துக்குத் தாராளம். ஏழு பேரோடு ஏசியும் போட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறினால் பாதி நேரம் இரண்டாம் கியரில்தான் இருப்பீர்கள். அது வண்டியின் குறை இல்லை, கணக்கு அப்படி.

டீசல் வேண்டாமா என்று கேட்பீர்கள். மாதம் 600 என்றால் வருடத்துக்கு 7,200 கி.மீ. பெட்ரோல் எர்டிகா லிட்டருக்கு 14, டீசல் 19 தரும் என்றும், விலை முறையே 101, 93 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு சுமார் 52,000, டீசலுக்கு 35,000. வருடத்துக்கு மிச்சம் 17,000 ரூபாய். பழைய டீசலை வாங்கும்போதே அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். பிறகு ஒரு டர்போ போனாலும், இன்ஜெக்டர்கள் பழுதானாலும் அந்த மிச்சம் காணாமல் போகும். மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ்.

பிஆர்-வி? தரையிலிருந்து உயரம் 210 மி.மீ., 1.5 லிட்டர் பெட்ரோலில் 119 குதிரைத்திறன், இடமும் கூடுதல். ஓட்டுவதற்கு எர்டிகாவைவிட இதுதான் சந்தோஷம். 2020-இல் விற்பனை நின்றுவிட்டது. இன்ஜின், கியர் பாகங்கள் ஹோண்டா சிட்டி காரோடு ஒத்துப்போவதால் அதில் கவலையில்லை. பின் விளக்கு, பம்பர், கதவு மாதிரி அதற்கே உரிய பாகங்கள்தான் காத்திருக்க வைக்கும். திருச்சியில் சர்வீஸ் வைத்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமென்றால், ஒரே ஓனர், முழு சர்வீஸ் பதிவோடு கிடைக்கும் பிஆர்-வி பெட்ரோலை எடுக்கலாம். கும்பகோணத்திலேயே எல்லாம் முடிய வேண்டுமென்றால் எர்டிகா.

எதை எடுத்தாலும் விலையை 5.40 லட்சத்தில் நிறுத்துங்கள். மீதி 60,000 வண்டிக்குத்தான் போகும். நான்கு டயர் (எர்டிகாவுக்கு 185/65 ஆர்15), பேட்டரி, இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம். பழைய வண்டி வாங்கியவர் முதல் மூன்று மாதத்தில் புலம்புவதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தொகையை ஒதுக்காததால்தான்.

அம்மாவை அழைத்துக்கொண்டு போகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியிலிருந்து அவர் சீட்டுக்கு மாறிப் பார்க்கட்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக் கிடைப்பதில்லை. நானே பார்க்க வேண்டியவை என்ன? வரிசையாகச் சொல்லுங்கள்.
– வாசகி, பொள்ளாச்சி

காலையில் போங்கள், வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார், அல்லது உங்கள் பேச்சை மதிக்கவில்லை. இரண்டில் எதுவானாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம்.

வெயிலில், வண்டியின் பக்கவாட்டில் குனிந்து நீளவாக்கில் பாருங்கள். பட்டி பார்த்து பெயின்ட் அடித்த கதவில் பிரதிபலிப்பு நெளியும். பிறகு பானெட்டைத் திறந்து கீல் போல்ட்டையும் முன் மட்காட் போல்ட்டையும் பாருங்கள். கம்பெனியில் போல்ட்டை முடுக்கியபின்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். ஆகவே போல்ட் தலையின் மூலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். மட்காட் மாற்றியதால் வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை, நகரத்தில் அது சகஜம். கதவு ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்து, உள்ளே தூணில் உள்ள வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள். ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகக் குழிந்திருக்க வேண்டும். கோணல்மாணலாக இருந்தாலோ, பட்டி பூசி மூடியிருந்தாலோ தூண் அடிபட்டிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம், விலை பேசவும் வேண்டாம்.

டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தேதி. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். 2018 வண்டி 28,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார், டயர் நான்கும் 2021 என்கிறது – அப்படியென்றால் முதல் செட் எதற்காக மூன்றே வருடத்தில் மாறியது என்று கேளுங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழத்திருந்தால், டிரைவர் சீட்டின் கதவுப்பக்கத் திண்டு அமுங்கியிருந்தால் மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள். ஓனரையே கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப்போய் பழைய சர்வீஸ் பதிவை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. அதற்கு அவர் தயங்கினால் காரணம் இருக்கும்.

சாவியை ஒரு நிலை திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு, ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் எரிய வேண்டும். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு, பேரம் பேசலாம். எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: கோளாறு தெரியக்கூடாது என்று விளக்கையே துண்டித்திருக்கலாம். 2019-க்கு முந்தைய அடிப்படை ரகங்களில் இவை இல்லாமலேயே வந்த வண்டிகள் உண்டு, எனவே ரகத்தைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

இப்போது ஸ்டார்ட். 1.3 லிட்டர் டீசல் என்றால் (ஸ்விஃப்ட், எர்டிகா, சியாஸ் எல்லாவற்றிலும் அதே இன்ஜின்தான்) முதல் சில விநாடி சங்கிலி உரசும் ‘கரகர’ சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். டைமிங் செயின் தளர்ந்தால் குளிர்ந்த இன்ஜினில்தான் அது நன்றாகக் கேட்கும். காலையில் போகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். ஐந்து நிமிடம் ஓடியபின் ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி அப்படியே மேலே வையுங்கள். லேசாக நடுங்கலாம், எகிறிக் குதித்தாலோ, டிப்ஸ்டிக் குழாயிலிருந்து புகை தள்ளினாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவதும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் கிளட்ச்சை விடுங்கள். வண்டி உடனே நின்றுபோக வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறைதான் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தால் நீங்களே தேய்த்துவிடுவீர்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் லிங்க் ராடு, புஷ் சத்தம் தனியாகக் கேட்கும்.

கடைசியாக, கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்று காகிதத்தில் இருக்கிறது. நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி ‘நோ கிளெய்ம் போனஸ்’ கட்டத்தைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஏழு வருட வண்டி, ஒரே ஓனர், ‘ஒரு கீறல்கூட இல்லை’ என்கிறார், பாலிசியில் போனஸ் பூஜ்யம். அப்படியானால் போன வருடம் கிளெய்ம் எடுத்திருக்கிறார், அல்லது நடுவில் இன்சூரன்ஸை விட்டிருக்கிறார். எது என்று கேளுங்கள்.

பாண்டிச்சேரி நம்பர் வண்டியும் டெல்லி டீசல் வண்டியும் நம் ஊர் விலையைவிட ஒன்றரை லட்சம் வரை குறைவாகக் கிடைக்கின்றன. எடுக்கலாமா? பத்து வருடமான டீசலை இங்கேயும் தடை செய்துவிடுவார்களா?
– வாசகர், விழுப்புரம்

டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலும்தான் பத்து வருட டீசலுக்குக் கெடுபிடி. தமிழ்நாட்டில் அந்த விதி கிடையாது. 15 வருடம் வரை ஆர்சி செல்லும், அதன்பின் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அங்கே பயன் முடியப்போகிறது என்பதால்தான் வண்டி மலிவாகக் கிளம்பி இங்கே வருகிறது.

ஆனால் ஒன்றரை லட்சம் முழுதாகக் கையில் நிற்காது. வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று), போலீஸ் பதிவில் வழக்கு இல்லை என்ற சரிபார்ப்பு, பிறகு இங்கே வயதுக்கேற்ப ஆயுள் வரி, புது நம்பர். ஆயுள் வரிதான் இதில் பெரிது. பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியின் மாடல், பதிவு வருடம் சொல்லித் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்க ஓனர்தான் அலைய வேண்டும். புரோக்கர் ‘அதெல்லாம் வந்துவிடும் சார்’ என்பதை விலையில் சேர்க்காதீர்கள்.

‘பிஒய் நம்பரிலேயே ஓட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்’ என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்றியாக வேண்டும். விழுப்புரத்தில் வீடு, பாண்டியில் நம்பர் என்றால் சோதனையில் நிறுத்தும்போது விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வடநாட்டு வண்டியில் இன்னொன்று: என்ஓசி வருவதற்கு முன் முழுப் பணத்தைக் கொடுத்துவிட்டால், அதன்பின் அவசரம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே எல்லாம் புதிதாக வாசனை அடிக்கிறது.
– வாசகர், வேளச்சேரி

எல்லாம் புதிதாக மணப்பதே முதல் சந்தேகம். பத்து வருட வண்டியில் தரைக் கார்ப்பெட் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஏன் மாற்றினார்கள்?

சீட் பெல்ட்டைக் கடைசி வரை, அது நிற்கும் வரை இழுங்கள். கழுவுபவர்கள் வெளியே தெரியும் பாதியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் ஒரு நீளக் கோடாகச் சேறு படிந்திருக்கும், அல்லது பூஞ்சைப் புள்ளி இருக்கும். முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். உள்ளே மழை பெய்யாத வண்டியில் அங்கே துரு வர வேலை இல்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடியில், பின்விளக்கின் உள்பக்கத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே டிரைவர் கால் அருகில் உள்ள ஃபியூஸ் பெட்டிக் கனெக்டரில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பெரும்பாலான கார்களில் கியருக்கு அடியில் தரையோடு தரையாக இருக்கும். தண்ணீர் சீட் வரை ஏற வேண்டியதில்லை. கார்ப்பெட் நனைந்து ஊறினாலே அது போயிற்று. கனெக்டர் உடனே கெடாமல் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அரிக்கும் என்பதால்தான் இப்படிப்பட்ட வண்டி விற்கும்வரை நன்றாக ஓடுகிறது. கம்பெனி சர்வீஸ் பதிவில் 2023 டிசம்பர், 2024 ஜனவரி மாதங்களை மட்டும் தனியாகப் பாருங்கள்.

வெள்ளை எர்டிகா டீசல், 2017, ‘சொந்த உபயோகம்’ என்கிறார்கள். டாக்ஸியாக ஓடியதா என்று தெரிய வழி?
– வாசகர், மதுரை

அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் வாகன வகை வரும். ‘மோட்டார் கேப்’ என்றிருந்தால் இன்னும் டாக்ஸிதான். மாற்றிவிட்டார்கள் என்றால் வண்டியைத்தான் கேட்க வேண்டும். டாக்ஸிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அதைக் கழற்றியபின் ஆக்சிலரேட்டர் பெடலுக்குப் போகும் வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு மிஞ்சும். குனிந்து பாருங்கள். சொந்தக்காரர் வீட்டு வண்டியில் கடைசி வரிசை சீட் புதிதாகவே இருக்கும். அங்கேயும் துணி நைந்து, பிளாஸ்டிக் கைப்பிடி வெளுத்திருந்தால் தினமும் ஆள் ஏறியிருக்கிறார்கள்.

டாக்ஸியாக ஓடியதாலேயே வண்டி குப்பை என்று சொல்ல மாட்டோம். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய இரண்டு லட்சம் கி.மீ. வண்டி, தெருமுனைக் கடைக்கு மட்டும் ஓடிய 50,000 வண்டியைவிட நல்ல இன்ஜினோடு இருக்கலாம். விலைதான் டாக்ஸி விலையாக இருக்க வேண்டும்.

சிஎன்ஜி எர்டிகா எடுத்தால் செலவு குறையுமே?
– வாசகி, கோவை

குறையும். டிக்கியும் குறையும். சிலிண்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் டிக்கியில்தான் உட்கார்ந்திருக்கும். சாமான் வண்டியாக நினைத்து வாங்குவோருக்கு இது சரிவராது. டிக்கி வேண்டாம் என்றால் எடுங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்த சான்று இருக்கிறதா, வெளியில் பொருத்திய கிட் என்றால் ஆர்சியில் எரிபொருள் மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஏறவில்லையென்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் தகராறு வரும்.

20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலால் பழைய பெட்ரோல் கார் கெட்டுவிடும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் 10 சதவீத எத்தனாலுக்காகச் செய்தவை. ஊற்றிய அன்றே இன்ஜின் போய்விடாது. மைலேஜ் கொஞ்சம் குறையும். வருடக்கணக்கில் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், பெட்ரோல் பம்ப் சீக்கிரம் முதுமையடையலாம். வாங்கியதும் பெட்ரோல் ஹோஸைக் கையால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அரை டேங்க்கோடு இரண்டு மூன்று மாதம் நிறுத்திப் போடாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்காக ஷெட்டில் காத்திருக்கும் கார்கள்தான் இதில் அதிகம் சிக்கும்.

ஆட்டோமேட்டிக் வேண்டும். பழையதில் எதை நம்பலாம்?
– வாசகி, நாகர்கோவில்

முதல் தலைமுறை எர்டிகா பெட்ரோலில் 2015-க்குப் பிறகு வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பழைய பாணி; மந்தம், ஆனால் தொந்தரவு குறைவு. பிஆர்-வி, சிட்டியில் உள்ள சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) வழுக்கிக்கொண்டு போகும். கியர் ஆயில் மாற்றிய பில் இருந்தால் மட்டும் எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றுங்கள். ஒரு விநாடிக்கு மேல் தயங்கிவிட்டு இடித்துப் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

பழைய காரை, கார் வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் கொடுத்துவிட்டேன். ஆர்சி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. ஆறு மாதமாகிறது. பிரச்சினை வருமா?
– வாசகர், திருச்சி

வரும். வண்டி யாரையாவது இடித்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியதும் ஸ்டாம்ப் பேப்பரும் உங்களை இதிலிருந்து காப்பாற்றாது.

விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-இல் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுக்க வேண்டும். கடன் இருந்து முடித்த வண்டி என்றால் பேங்க் என்ஓசியோடு படிவம் 35 போட்டு ஆர்சியில் உள்ள ‘ஹெச்பி’ என்ற கடன் குறிப்பை நீக்கியபின்தான் இது நடக்கும். கன்சல்டிங்காரர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் தனி முறை வந்திருக்கிறது: அவர்கள் ஆர்டிஓவின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும், நீங்கள் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29-சி வழியாகப் பதிய வேண்டும். பதிந்தால் அடுத்த ஆள் வாங்கும்வரை வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. உங்கள் கன்சல்டிங்குக்கு அங்கீகாரம் இருந்தால் இன்றே 29-சி போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இப்போது வண்டி யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி, பதிவுத் தபாலில் ஆர்டிஓவுக்கு ஒரு கடிதமும் படிவம் 29-உம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கை மூடினீர்களா? மூடாவிட்டால் சமயபுரம் டோலில் யாரோ போவதற்கு உங்கள் கணக்கில் பணம் கழியும்.

கூடவே இன்சூரன்ஸ். உங்கள் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. கம்பெனியில் கேட்டு அதற்கான கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். வாங்கியவர் 14 நாளில் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டும் தொடரும். சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் கிடைக்காது.

டோக்கன் அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? 2025-இல் ஜிஎஸ்டி குறைந்ததால் பழைய கார் விலையும் குறையுமா?
– வாசகர், திருநெல்வேலி

ஐயாயிரம் போதும், அதுவும் வங்கி வழியாக. ரசீதில் நம்பர், சேசிஸ் எண், பேசிய முழு விலை, ‘ஆவணம் சரியில்லையென்றால் முழுதும் திருப்பித் தரப்படும்’ என்ற வரி, தேதி – இவ்வளவும் இருக்க வேண்டும். சேசிஸ் எண்ணை ஆர்சியிலிருந்து பார்த்து எழுதாமல் வண்டியில் குத்தியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு வரி 18 சதவீதம் ஆனது. எர்டிகா மாதிரி நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ளவற்றுக்கு 45-லிருந்து 40 ஆனது. புது வண்டி விலை இறங்கியதும் பழையது தானாக இறங்காது, பேசினால்தான் இறங்கும். அதே ரகத்தின் இன்றைய ஷோரூம் விலைச்சீட்டை போனில் எடுத்துக்கொண்டு போங்கள். டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முழு விலைக்கும் வரி போட்டு பில் நீட்டினால் கேள்வி கேளுங்கள். தனிநபரிடம் வாங்கினால் அதுவும் கிடையாது.